பழைய கார்ட் எஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

கேள்வி: ஐயா, 1970களில் இத்தாலியில் தயாரான 100 சிசி கோமெட் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறேன். கிளட்ச் இல்லாத வண்டி. ஆண்டுக்குச் சில முறை, பழைய வண்டிகளுக்கென்று நடக்கும் ஓட்டங்களில் மட்டும் ஓட்டுவேன். ஆமணக்கெண்ணெய் ஆயில்தான் போட வேண்டும் என்று சிலரும், இக்காலச் சிந்தெடிக் ஆயிலே மேல் என்று சிலரும் சொல்கிறார்கள். 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 25-க்கு 1 என்ற அளவே போதும் என்றும் கேள்விப்படுகிறேன். எதைப் பின்பற்றுவது?
– ஒரு வாசகர், கவென்ட்ரி, இங்கிலாந்து

பதில்: இந்த எஞ்சினில் ஆயில் பம்பும் கிடையாது, அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து கார்புரேட்டர் வழியாக எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறதோ, அவ்வளவுதான் க்ராங்க் பேரிங்குகளுக்கும் கனெக்டிங் ராடுக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும். கிளட்ச் இல்லாத வண்டியில் இதனால் ஒரு தனி ஆபத்து உண்டு. நேர்பாதையின் முடிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் வரத்து ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் ஓடும் பிஸ்டனுக்கு அந்த நேரத்தில் புது எண்ணெய் வருவதில்லை. அந்தக் கால ஓட்டுநர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலை எடுப்பதற்குச் சற்று முன், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை விட்டு, கார்புரேட்டரின் காற்று வாயை உள்ளங்கையால் ஒரு கணம் மூடுவார்கள். காற்று குறைந்து, எண்ணெய் கலந்த பெட்ரோல் கூடுதலாக உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் குளிரும், சிலிண்டர் சுவரில் எண்ணெய் படியும். நீங்களும் இதைப் பழகிக்கொள்வது நல்லது. எந்த ஆயிலைத் தேர்ந்தெடுத்தாலும், வரத்து நின்ற அந்தச் சில நொடிகளில் சுவரை விட்டு விலகாமல் நிற்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆமணக்கெண்ணெய்க்கு இவ்வளவு பெயர் வந்ததும் இதனால்தான். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சாதாரண மினரல் ஆயில் எரிந்து மறைந்துவிடும் சூட்டிலும் ஆமணக்கெண்ணெய் கெட்டிப்பட்டு மெருகு போன்ற ஒரு படலமாக நின்று உலோகத்தைக் காக்கிறது. ஆனால் அதே படலம்தான் நாளடைவில் ரிங் உட்காரும் பள்ளத்தில் பிசினாகச் சேர்கிறது. இத்தகைய பிஸ்டனில் இருப்பது ஒரே ஒரு மெல்லிய ரிங். அது பிசினில் ஒட்டி அசையாமல் போனால் எரிந்த வாயு பிஸ்டன் பக்கவாட்டில் இறங்கி, எண்ணெய்ப் படலத்தைச் சுட்டு அழித்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்படி எஞ்சினைச் சீஸ் ஆக்கிவிடும்.

முதல் உலகப் போர்க்கால விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். பெட்ரோல் கலவை க்ராங்க் அறை வழியாகவே சென்ற அந்த எஞ்சின்களில், பெட்ரோலில் எளிதாகக் கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. கார்ட் எஞ்சினில் அதே குணம் தொல்லையாகிறது; இங்கே எண்ணெயும் பெட்ரோலும் பிரியாமல் இருந்தாக வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, ரிங் பள்ளத்தைச் சுரண்டித் துடைக்கும் பொறுமையும் கருவிகளும் உங்களிடம் இருந்தால் மட்டுமே முழு ஆமணக்கெண்ணெய் ஆயிலைப் போடுங்கள். ஆண்டுக்குச் சில முறை ஓட்டிவிட்டு மற்ற மாதங்களில் ஓரமாக நிறுத்தி வைக்கும் உங்களைப் போன்றவருக்கு, எஸ்டர் வகைச் சிந்தெடிக்கும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த ரேசிங் ஆயிலே பொருத்தம். எல்ஃப் ஹெச்டிஎக்ஸ் 909, மாக்சிமா 927 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆமணக்கெண்ணெயின் பிடிப்பு ஓரளவு கிடைக்கும், பிசினும் குறையும். முன்பு மினரல் ஆயிலில் ஓடிய எஞ்சினாக இருந்தால், தொட்டி, குழாய், கார்புரேட்டர், க்ராங்க் அறை எல்லாவற்றையும் கழுவிய பிறகே மாற்றுங்கள்; ஆமணக்கெண்ணெயும் மினரல் ஆயிலும் ஒன்றாகச் சேர்வதில்லை.

டப்பாவின் மேல் ஜாசோ எஃப்டி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது புகை குறைவு, படிவு குறைவு, மசகுத் திறன் ஆகியவற்றைச் சிறிய எஞ்சின்களில் சோதித்துத் தரப்படும் தரம். சாலை ஸ்கூட்டருக்கு அது நல்ல சான்றுதான், முழு வேகத்தில் ஓடும் பந்தய எஞ்சினைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம்; அது தண்ணீரால் குளிரும் படகு மோட்டார்களுக்கு ஆனது, காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினின் சூட்டைத் தாங்காது.

அளவைப் பொறுத்தவரை, 25-க்கு 1 என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 16-க்கு 1 என்று தொடங்குங்கள். அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 62.5 மில்லி. எல்லாம் சரியாக இருந்தால் 20-க்கு 1, அதாவது 50 மில்லி வரை குறைக்கலாம். அதற்கும் கீழே இறங்கி மிச்சப்படுத்தும் எண்ணெயின் விலை, ஒரு க்ராங்க் பேரிங்கின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: எண்ணெயைக் கூட்டும்போது கார்புரேட்டரின் அதே நீடில் (ஊசித் திருகு) துளை வழியாகச் செல்லும் பெட்ரோல் சற்றுக் குறைகிறது, அதனால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். எனவே எண்ணெய் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரின் ஹை நீடிலை (அதிவேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகை) சிறிது திறந்து வைத்து, மீண்டும் பார்த்துப் பார்த்துத்தான் மூட வேண்டும்.

தேர்வு சரியா என்பதை எஞ்சினே சொல்லும். ஹெட்டைக் கழற்றும்போது சிலிண்டரையும் எடுத்து, பிஸ்டன் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிறம் இருந்தால் கவலையில்லை. கருகிப் பொரிந்திருந்தால் சூடு மிகுதி. கனெக்டிங் ராடின் முனைகளில் நீலம் பாரித்திருந்தால் எண்ணெய் போதவில்லை. அந்த எஞ்சினை மேற்கொண்டு ஓட்டாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய கார்ட் எஞ்சின் ஒன்றைச் சரிசெய்து வருகிறேன். ரேசிங் ஆயில் விலை அதிகம். ஆமணக்கெண்ணெய்தான் முக்கியம் என்றால், கடையில் கிடைக்கும் விளக்கெண்ணெயையே பெட்ரோலில் கலக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. நம் ஊரில் ஆமணக்கு விதையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது பழைய முறை. அந்த எண்ணெயில் ஈரமும் பிசினும் தங்கியிருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் பிசின் உண்டு. எஞ்சினுக்கான ஆமணக்கெண்ணெயிலோ பிசினை நீக்கி, ஈரத்தை வற்றச் செய்து, காற்றுப் பட்டுக் கெடாமலிருக்கச் சேர்மானங்களையும் கலந்திருப்பார்கள். வீட்டு எண்ணெய் பெட்ரோலில் முழுவதும் கரையாமல் தொட்டியின் அடியில் இறங்கினால், முதலில் வெறும் எண்ணெயும் பிறகு எண்ணெயற்ற பெட்ரோலும் எஞ்சினுக்குப் போகும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டு பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து கீழே தங்கும். பழைய கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரத்தையும் எத்தனால் உப்பச் செய்யும் என்பதால், அதற்குத் தாங்கும் புது டயாஃப்ரம் போட்டுக்கொள்ளுங்கள். கலவையை ஓட்டும் நாளன்றே, தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்து, அடியில் கோடு எதுவும் தெரியாவிட்டால் மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். மாலையில் மிஞ்சியதை வடித்துவிட்டு, எஞ்சினில் எஞ்சியது தீரும் வரை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிது சுத்தமான டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, க்ராங்கைக் கையால் சில சுற்றுகள் சுழற்றி வையுங்கள்.