ஆலைகள் எல்லாம் ஒரே விலை சொன்னால் வழக்குப் போடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு. இந்த சீசனில் மாங்கூழ் ஆலைகள் எல்லாம் ஒரே நாளில் பெங்களூரா ரக மாம்பழ விலையைக் கிலோ 5 ரூபாய்க்கு இறக்கிவிட்டன. இரண்டு நாள் ஆலை கேட்டிலேயே நின்ற வண்டியில் பழம் அழுகிவிட்டது. கடன் கழுத்தை நெரிக்கிறது. ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடலாமா? தமிழக அரசே கடுமையான சட்டம் கொண்டுவரக் கூடாதா? சங்கத் தீர்மானத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அந்தச் சட்டம் 2009லேயே போய்விட்டது. இப்போது இருப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அழுகிய பழமும் கடனும் அதில் எடுபடாது. ஆலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துத்தான் விலையை இறக்கினார்கள் என்பதற்கு என்ன சான்று? அந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் கேட்பது அதை மட்டும்தான்.

ஒரே விலை என்பது மட்டும் சான்றாகாது. சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரி விலை கொடுத்த ராஜஸ்தான் சிலிண்டர்ஸ் வழக்கில், 2018இல் ஆணையம் விதித்த அபராதத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்குபவர் சிலரே இருக்கும் சந்தையில் விலை தானாகவே ஒன்றுபோல் அமையலாம் என்றது. நம் ஊரிலும் காலையில் ஒரு ஆலை கேட்டில் எழுதும் விலை ஒரு மணி நேரத்தில் அடுத்த ஆலைக்குத் தெரிந்துவிடுகிறது. பார்த்து இறக்குவது வேறு, பேசி இறக்குவது வேறு.

நான் பயப்படுவது உங்கள் தீர்மானத்தைப் பார்த்துத்தான். "10 ரூபாய்க்குக் கீழ் யாரும் பழம் தரக் கூடாது, தந்தால் வண்டியை மறிப்போம்" என்று எழுதி, தேதி போட்டு, நாற்பது பேர் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் விலை பேசிவைத்ததற்கான எழுத்துச் சான்று இது ஒன்றுதான். அது உங்களுடையது! விலை பேசிவைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டப் பிரிவு 3இல் விற்பவர், வாங்குபவர் என்ற பேதம் இல்லை. மருந்து வணிகர் சங்கங்கள் பலவற்றுக்கு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. பிரிவு 48இன்படி நிர்வாகிகளும் சொந்தக் கையிலிருந்து கட்ட நேரிடும். வண்டியை மறித்தால் அது தனிக் குற்ற வழக்கு. தர்மபுரியில் ஒரு சங்கச் செயலாளர் புகாரோடு, இதுபோன்ற தீர்மானம் எழுதிய மினிட் புத்தகத்தையும் (கூட்டக் குறிப்பேடு) இணைத்துவிட்டு என்னிடம் வந்தார். எதிர்த்தரப்புக்கு வேறு எதுவுமே தேவைப்படவில்லை. தீர்மானத்தைக் கிழிக்காதீர்கள், அது இன்னும் மோசம். கூட்டம் போட்டு முறையாக ரத்து செய்யுங்கள்.

"புகார் கொடுத்தால் ஆலைக்காரர் பேச வருவார், பிறகு வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்" என்று பலர் நம்பி வருகிறார்கள். விலைக் கூட்டணிப் புகாரில் அது நடக்காது. 2023 திருத்தம் கொண்டுவந்த சமரச வழி இந்த வகைக்குப் பொருந்தாது. பேசுவதென்றால் புகாருக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அதனால் பேசி முடியுங்கள் என்றே சொல்வேன். 2025இல் ஆந்திரத்தில் இதே பழத்துக்கு ஆலை 8, அரசு 4 என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தார்கள். இங்கும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு கேளுங்கள். தமிழ்நாட்டின் 2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தில் விலையை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்ய வழியிருக்கிறது. தை மாதம் பூ வைப்பதற்குள் அதை முடியுங்கள்.

மாநிலத்துக்கு வலுவான சட்டம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்கள் கருத்துதான். ஆனால் இருப்பதையே நாம் பயன்படுத்தவில்லை. போட்டிச் சட்டப் பிரிவு 19இன்படி மாநில அரசே ஆணையத்துக்கு விஷயத்தை அனுப்பலாம். ஆட்சியரிடம் தரும் மனுவில் இதையும் கேளுங்கள். நீங்களே புகார் கொடுக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு. அதற்குள் ஆலைக்காரர்கள் கூடிப் பேசியதற்கு ஒரு குறுஞ்செய்தி கிடைத்தாலும், சங்க வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரே ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.