தண்டவாளம் – கேள்வி பதில்: நிலக்கரி இறங்கி வந்த பாதை

கேள்வி: வேல்ஸ் நாட்டு டாஃப் வேல் ரயில்வேயை அமைத்தவர் பொறியாளர் புரூனெல். தண்டவாளங்களுக்கு இடையே 7 அடி விடும் அகலப் பாதைக்காகக் கடைசிவரை வாதாடியவர், இங்கே மட்டும் 4 அடி 8½ அங்குலத்தில் போட்டது ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: பள்ளத்தாக்கில் இடம் போதவில்லை. மெர்த்தர் டிட்ஃபிலிலிருந்து கார்டிஃப் வரை சுமார் 24 மைல். டாஃப் ஆறு வளையும் இடத்திலெல்லாம் பாதையும் வளைந்தாக வேண்டும். குறுகிய வளைவுக்கு அகலப் பாதை ஒத்துவராது. வேகமும் இங்கே முக்கியமில்லை, சரக்குதான் முக்கியம். அதுவரை இரும்பும் நிலக்கரியும் 1794-இல் திறந்த கால்வாயில் படகில் போயின. வழியில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளான லாக்குகள் சுமார் 50, ஒவ்வொன்றிலும் காத்திருப்பு. 1840 அக்டோபரில் கார்டிஃபிலிருந்து அபர்கனன் வரையும், 1841 ஏப்ரலில் மெர்த்தர் வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. அபர்கனனுக்கு மேலே 19 அடிக்கு 1 அடி, 22 அடிக்கு 1 அடி என்று செங்குத்தான ஏற்றம். 1860-கள் வரை அங்கே வண்டிகளைக் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள்.

கேள்வி: வேகன்களில் டிரைவர் கைக்கு எட்டும் பிரேக்கே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் நிலக்கரி ஏற்றிய வண்டி மலையிலிருந்து எப்படி இறங்கியது?
– வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: கையால் பூட்டித்தான். சுரங்கம் மேலே, துறைமுகம் கீழே. பாரம் இறங்கும், காலி வேகன் ஏறும். இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் பாடு.

வேகனின் பக்கவாட்டில் நீளமான இரும்பு நெம்புகோல் ஒன்று இருக்கும். சரிவின் தலைப்பில் வண்டி நின்றதும், கார்டு தடிக்கம்பை அதன்மேல் வைத்து உடல் பாரத்தால் அழுத்துவார். பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வியதும் முளையைச் செருகிப் பூட்டுவார். பிறகு அடுத்த வேகன். எத்தனை பூட்டுவது? பாரம், சரிவு, அன்றைய ஈரம் மூன்றையும் பார்த்துத்தான் முடிவு. இன்ஜின் கொஞ்சம் இழுத்தால்தான் வண்டி நகர வேண்டும். அதுதான் சரியான கணக்கு. குறைவாகப் பூட்டினால் பாரமே இன்ஜினைத் தள்ளிக்கொண்டு ஓடும். அதிகமாகிச் சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால் இன்னும் ஆபத்து: சறுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு, உரசிய இடமும் தட்டையாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக் டக்’ என்று தண்டவாளத்தை அடித்துக்கொண்டே போகும்.

கீழே வந்ததும் நின்று, பூட்டியதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் கட்டை உரசிக் காய்ந்து சக்கரம் கொதிக்கும்.

வேகன்களை இணைக்கும் கப்ளிங்கும் தொல்லைதான். மூன்றே வளையச் சங்கிலி, தொளதொளவென்று தொங்கும். இறக்கத்தில் வேகன்கள் ஒன்றையொன்று முட்டி நெருங்கும். சமதரை வந்து இன்ஜின் இழுத்ததும் அத்தனை தொய்வும் ஒரே வெட்டில் இறுகிச் சங்கிலி அறுந்துபோகும். அதனால்தான் கடைசிப் பெட்டியில் கார்டு தன் கைப்பிரேக்கைத் திருகித் திருகிச் சங்கிலியை இறுக்கமாகவே வைத்திருப்பார். பாதையின் மேடுபள்ளம் மனப்பாடமாக இல்லாதவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. டிரைவருக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது இவர்களுக்குச் சேர வேண்டும்.

கேள்வி: பழைய படங்களில் இன்ஜின்களின் புகைபோக்கி பெரும்பாலும் மலைப்பக்கமே பார்க்கிறதே?
– வாசகர், பொன்மலை

பதில்: காரணம் பாய்லர் தண்ணீர். புகைபோக்கி மேட்டைப் பார்த்தால் நெருப்புப் பெட்டி தாழ்வாக இருக்கும். தண்ணீர் பின்னால் சாய்ந்து அதன் கூரைத் தகட்டை மூடும். திருப்பி நிறுத்தினால் தண்ணீர் முன்பக்கம் ஓடித் தகடு காய்ந்துவிடும். அப்போது அதிலுள்ள ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின்மேல் பீறிடும். இன்ஜின் பாதி வழியில் படுத்துவிடும். அதனால் இறங்கும்போது பின்புறமாகவே ஓட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியும் நிலக்கரியும் இன்ஜினிலேயே இருந்ததால் இரு பக்கமும் ஓடுவதில் சிரமமில்லை.

கேள்வி: ‘டாஃப் வேல் தீர்ப்பு’ என்பது இந்த ரயில்வேயைப் பற்றியதுதானா?
– வாசகர், மதுரை

பதில்: ஆம். 1900 ஆகஸ்டில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனி வெளியாட்களைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் தண்டவாளத்தில் கிரீஸ் தடவினார்கள், வண்டிகளைக் கழற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட சரிவில் கிரீஸ் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாதா? கம்பெனி வழக்குத் தொடுத்தது. தொழிற்சங்கத்தின் மீதே நஷ்டஈடு கேட்கலாம் என்று 1901-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண்டு கட்ட நேர்ந்தது. நியாயமற்ற தீர்ப்பு என்பதே எங்கள் கருத்து. வேலைநிறுத்தம் செய்தாலே சங்கத்தின் கஜானா காலியாகும் என்ற நிலை, 1906-இல் வந்த தொழில் தகராறுச் சட்டத்தால்தான் மாறியது.