முட்காட்டில் முதல் வேலை

அன்புள்ள ஐயா,

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். விடுதிக்குப் பின்னால் 12 ஏக்கர் முட்காடு இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து மரக்கன்று நடலாம் என்றது நிர்வாகம். பாடத்துக்கும் ஆய்வுக்கும் அப்படியே விடுங்கள் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? என்னென்ன மரம் நடலாம்? துறையில் நாங்கள் இரண்டே பேர். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அனுமதி வாங்கியதே பெரிய காரியம். இப்போதைக்கு ஒரு கன்றும் நட வேண்டாம். காரை, கிளா, காட்டு எலுமிச்சை, வீரை, காசான் இவையெல்லாம் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நின்றால், உங்களிடம் இருப்பது சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். அதைச் 'சுத்தம்' செய்தால் திரும்பக் கொண்டுவர உங்கள் பணிக்காலம் போதாது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது போய்ச் சேர்ந்த இடமும் புதர்க்காடுதான். அந்தப் பகுதியின் தாவரங்களை ஆர்வத்தோடு பதிவு செய்தவர்களில் எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். அதனால் மற்ற துறைகளிலும் ஆள் கேளுங்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

காப்பிடத்தை, அதாவது இப்படி வெட்டாமல் காத்து வைக்கும் இடத்தை, ஆய்வுக்களமாக்குவது நிரந்தரச் சதுரங்கள்தான். அதே இடத்தை, அதே முறையில், வருடா வருடம் அளக்க வேண்டும். 20 மீட்டருக்கு 20 மீட்டராக மூன்று சதுரம் போதும், ஆரம்பத்தில். கயிறு கட்டியதும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டுமே 28 மீட்டர் 28 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் சதுரம் கோணலாகிவிட்டது, பிரித்துக் கட்டுங்கள். மூலையில் இரும்புக் கம்பி நட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும், கல் நடுங்கள். செல்போன் ஜிபிஎஸ் மரத்தடியில் பல மீட்டர் தள்ளிக் காட்டும். எனவே சுற்றுச்சுவரிலிருந்து தூரத்தையும் திசையையும் எழுதி வையுங்கள்.

சுற்றளவு 10 செ.மீ.க்கு மேல் உள்ள தண்டுகளைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். டேப்பைச் சாய்வாகச் சுற்றினாலும், கொடியைச் சேர்த்துச் சுற்றினாலும் அளவு கூடிவிடும். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டால் அடுத்த வருடம் குழப்பம் இல்லை. நம் புதர்க்காட்டில் பெரிய தொல்லை, ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டு கிளம்புவது. மாணவர்கள் சுற்றளவுகளைக் கூட்டிவிடுவார்கள். மூன்று தண்டு, ஒவ்வொன்றும் 20 செ.மீ. என்று வையுங்கள். சுற்றளவின் வர்க்கத்தை 12.57ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குப் பரப்பு: ஒன்றுக்கு 31.8, மூன்றுக்கும் சேர்த்து 95.5 சதுர செ.மீ. சுற்றளவுகளைக் கூட்டி 60 என்று போட்டாலோ 286 வரும், மூன்று மடங்கு! இந்த ஒரு பிழையில் மொத்த ஆய்வேடும் வீணாகிவிடும். தண்டு தண்டாக எழுதி, பரப்பைத்தான் கூட்ட வேண்டும்.

மாதத்தையும் மாற்றாதீர்கள். மே மாத வறட்சியில் தண்டு சற்றுச் சுருங்கும், மழைக்குப் பின் உப்பும். ஒரு வருடம் டிசம்பரிலும் அடுத்த வருடம் மேயிலும் அளந்தால் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரி நல்லது. தரைச்செடிகளும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

60 பேரை ஒரே நேரத்தில் சதுரத்துக்குள் விட்டால் நாற்றுகள் மிதிபட்டே அழியும். ஐந்தைந்து பேராகப் பிரித்து, கயிற்றுக்கு வெளியே நின்று எழுதப் பழக்குங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஆளுக்கு இத்தனை செடி பறித்து உலர்த்தி ஒட்ட வேண்டும் என்ற ஹெர்பேரியம் வழக்கத்தை உங்கள் காப்பிடத்தில் நிறுத்துங்கள். அரிய செடி பத்து இருந்தால் ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும். இனத்துக்கு ஒரு மாதிரி துறையில் இருக்கட்டும், மற்றவர்கள் படம் எடுக்கட்டும்.

உண்ணிச்செடி (லன்டானா என்ற அயல்நாட்டுக் களை) பரவியிருந்தால் மேலே வெட்டிப் பயனில்லை, மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வேரை வெட்டி, செடியை வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். காய்க்கும் முன் செய்யுங்கள். பறவைகள் போட்ட விதைகள் மழையில் முளைக்கும். அடுத்த சில வருடம் அவற்றைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். மூன்றில் ஒரு சதுரத்தை மட்டும் களையெடுக்காமல் விட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், நல்ல பாடமும் ஆகும்.

கன்று நடுவதைப் பற்றி மூன்றாம் வருட அளவு வந்த பிறகு யோசிக்கலாம். எது தானாக முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தக்கூடாது என்று தோட்டப் பணியாளர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். சதுரங்களைக் குறித்த வரைபடத்தின் நகல் ஒன்று அலுவலகத்திலும் இருக்கட்டும். விடுமுறையில் ஜேசிபி வரும்போது நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள்.