தண்டவாளத்தில் இருக்கும் ஆண்டை நிலையம் திறந்த ஆண்டாக எடுக்காதீர்கள்

மலேசியாவின் சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில் தடத்தில் உள்ள உங்கள் தோட்டத்துப் பட்டணத்தில் ரயில் நிலையம் இருந்ததாகவும், கோயில் வேலிக்கு நட்ட தண்டவாளத் துண்டில் 1912 என்று இருப்பதாகவும் எழுதி, நிலையம் அந்த ஆண்டில்தான் திறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது இரும்பாலையில் தண்டவாளத்தை உருட்டிய ஆண்டு. உங்கள் தடத்தைச் சுங்கை ஊஜோங் ரயில்வே கம்பெனி 1891-லேயே திறந்துவிட்டது. 1908-இல் மலாய்க் கூட்டு மாநில ரயில்வே அதை வாங்கியது. தேய்ந்ததைக் கழற்றிப் புதிதாகப் போட்டபோது இந்தத் துண்டு வந்திருக்கலாம். வேறு ஊரிலிருந்து பழைய இரும்பாக லாரியில் வந்திருக்கவும் கூடும்.

முதலில் அது ரயில்வேயுடையதுதானா என்று பாருங்கள். தோட்டங்களுக்குள் சரக்குத் தள்ளுவண்டிகள் ஓடும் சிறு டிராலித் தடங்களும் இருந்தன. தண்டவாளத்தில் உள்ள எழுத்தோடு அதன் எடையும் பெரும்பாலும் இருக்கும். கெஜத்துக்கு 60, 80 ராத்தல் (மீட்டருக்குச் சுமார் 30, 40 கிலோ) என்றால் ரயில்வே; 20 ராத்தல் அளவில் இருந்தால் டிராலி. துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, சாக்கட்டியை எழுத்தின் மேல் படுக்கவைத்துத் தடவி, சாய்வெயிலில் படம் எடுங்கள். கிரைண்டர் வைத்தால் எழுத்தே போய்விடும்.

நிலையம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க, தடம் ஓடிய மண்மேட்டைப் பின்தொடருங்கள். ரயில் தடம் சடக்கை (சாலையை) போல வெடுக்கென்று வளையாது. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு ஒதுங்க இரண்டாவது தடம் வேண்டும். அப்படி ஒதுங்கும் தடம் இருந்த நிலையத்தில் மேடு திடீரென்று அகன்று, நெடுந்தூரம் சமமாகக் கிடக்கும். செம்பனைக்குள் நேர்க்கோடாக ஓடும் செங்கல் விளிம்பு பிளாட்பாரமாக இருக்கலாம். அதை மைலுக்கு ஓர் அங்குல அளவிலுள்ள பழைய நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

திறந்த ஆண்டைக் கண்டறிய, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் தோட்டத்தின் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதலில் கிடைக்கும் செய்தி, நிலையம் அதற்குள் வந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டும். கொடி காட்டினால் மட்டும் வண்டி நின்ற சிறு நிறுத்தங்கள் எல்லா அட்டவணையிலும் வராது.

கோயில் வரவு ஏட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதெல்லாம் ஆதாரமா என்பார்கள். ஆனால் ரயில்வே ஆட்களுக்கும் கோயிலுக்கும் தொடர்பு உண்டு. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலைத் தொடங்கியவர்களே ரயில்வே தொழிலாளர்கள்தாம். தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் துரைகளின் பெயரைத் தேதியோடு போடுகிறார்கள். தடத்தில் சல்லி கொட்டி, கட்டை மாற்றிய கேங் ஆட்களுக்கு (தடப் பராமரிப்புக் கூலிகளுக்கு) ஒரு வரிகூட இல்லை. அவர்கள் பெயர் நன்கொடைப் பட்டியலில்தான் கிடைக்கும். இது நீங்கள் கேட்காதது, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

புதர் வெட்டவோ தோண்டவோ வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தண்டவாளம் போன பிறகும் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கலாம்.