ஹைட்ரோகிராக்கருக்கு ஏன் ஹைட்ரஜன்? திருமங்கலம் தம்பிக்குப் பதில்

தம்பி, பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் எஃப்சிசி யூனிட்டிலேயே (வினையூக்கியால் உடைக்கும் பிரிவு) கனமான எண்ணெய் உடைகிறதே, அப்புறம் ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கரில் விலை கொடுத்து ஹைட்ரஜன் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்டர்வியூவில் இதைக் கட்டாயம் தோண்டுவார்கள்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஹெக்ஸாடெக்கேனில் 16 கார்பன், 34 ஹைட்ரஜன். நடுவில் உடைத்தால் ஒரு பாதி ஆக்டேன். அது 18 ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மறுபாதிக்கு மிஞ்சுவது 16தான். அது இரட்டைப் பிணைப்போடு ஆக்டீனாக நிற்கும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்த்தால் இரண்டுமே ஆக்டேன். ஹைட்ரஜன் சேர்க்காவிட்டால் சமன்பாடு இடிப்பது இங்கேதான்.

நிஜத்தில் வருவது வளையம் வளையமான அரோமாட்டிக் சரக்கு, ஹைட்ரஜன் பஞ்சம் பிடித்தது. எஃப்சிசி அதிகப்படி கார்பனை கோக்காக, அதாவது கரியாக, வினையூக்கியின் மேல் படியவிட்டு, ரீஜெனரேட்டர் என்ற தனிக் கலனில் எரித்துவிடும். ஹைட்ரோகிராக்கர் நேர்மாறு: 100 முதல் 200 பார் அழுத்தத்தில், சுமார் 400 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜனை ஊட்டி கோக் படிவதைக் கட்டுக்குள் வைக்கும். அதன் வினையூக்கியில் உள்ள ஜியோலைட் உடைக்கும், நிக்கல்-டங்ஸ்டன் ஹைட்ரஜனைச் சேர்க்கும். கந்தகமும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பிரிந்துவிடும். பிஎஸ்-6 (இந்திய வாகனப் புகை விதி) டீசலில் கந்தகத்துக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரம்பு இருப்பதால் இது வெறும் உபரி லாபம் இல்லை, அவசியம்.

ஒரு பொறி வைப்பார்கள், கவனம். உடைப்பது வெப்பம் உறிஞ்சும் வினை, ஆனால் ஹைட்ரஜனேற்றம் அதைவிட அதிகமாக வெப்பம் விடும். மொத்தத்தில் ரியாக்டர் சூடேறும். அதனால்தான் வினையூக்கிப் படுகைகளுக்கு நடுவே குளிர்ந்த ஹைட்ரஜன் விடுகிறார்கள்.

மதுரைப் பக்கம் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. நேரில் பார்க்க ஆசையென்றால் கல்லூரி மூலம் சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே ஹைட்ரோகிராக்கர் ஓடுகிறது.