தோட்டத்த ஈடு வச்சு யூகே வேண்டாம், மோளு லைப்ரரி சயின்ஸ் படிக்கட்டும்

களியக்காவிளை பக்கத்துல இருந்து ஒரு அக்கா நீளமா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. மோளு பி.ஏ. இங்கிலீஷ் ஃபைனல் இயர், வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, சொந்தமாவும் கொஞ்சம் தோட்டம் கெடக்கு. இப்போ யூகேல இருக்க நாத்தனார் டெய்லி போன் பண்ணி, "புள்ளைக்கு இன்டர்நேஷனல் பிசினஸ் எம்.எஸ்.சி. போட்டு விடு, ஏஜென்சிக்காரன் எல்லாம் பாத்துக்குவான், தோட்டத்த பேங்க்ல வச்சா லோன் கெடைக்கும்"னு ஒரே பிடியா நிக்காங்களாம். புள்ள என்னடான்னா மூணு வருஷமா காலேஜ் லைப்ரரியே கதின்னு கெடக்கு, மத்தியானம் ஃப்ரீ ஹவர்ல அங்க போய் புக் அடுக்கிக் குடுக்குது, லைப்ரரி சயின்ஸ் படிச்சு இதே மாதிரி ஒரு காலேஜ்ல லைப்ரேரியன் ஆவேன்னு சொல்லுது. "புக்கு எடுத்துக் குடுக்கதுக்கு ஒரு படிப்பா, சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்களா"ன்னு வீட்டுல சண்டை. நீங்க அவளுக்கு கொஞ்சம் புத்தி சொல்லுங்கன்னு முடிச்சிருந்தாங்க. அவங்க சம்மதத்தோடதான் பதில எல்லாரும் வாசிக்குற மாதிரி எழுதுறேன்.

அக்கா, ஒரே பொம்பளப் புள்ள, பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த விஷயத்துல நான் மோளு பக்கமாக்கும்.

மொதல்ல யூகே. நர்சிங் முடிச்சுட்டுப் போறவங்க கதை வேற, அத விடுங்க. பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச புள்ள ஒரு வருஷ பிசினஸ் எம்.எஸ்.சி.க்குப் போனா, ஃபீஸ் தவிர ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 776 பவுண்ட் தனியா கட்டணும், காலேஜ் நடக்க நாள்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது, படிப்பு முடிஞ்சு அங்கயே வேலை விசாவுக்கு மாறணும்னா, புதுசா படிச்சு முடிச்சவங்களுக்குள்ள சலுகைக் கணக்குலயே வருஷச் சம்பளம் 33,400 பவுண்டாவது தர்ற கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். பிசினஸ் வாடையே பிடிக்காத புள்ளைக்கு அப்படி ஒரு வேலை யாரு குடுப்பா? நாத்தனார் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க, ஆனா அவங்க போன காலத்து ரூல் இப்போ இல்ல, லோன் பேப்பர்ல கையெழுத்து போடப் போறதும் அவங்க இல்ல. ரப்பர் வெல என்னைக்கு ஏறும் என்னைக்கு எறங்கும்னு ஒங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும், அந்த வருமானத்த நம்பி பவுண்டுல கணக்கு போடுற கடன வாங்காதீங்க. இதுல மட்டும் நான் எறங்கி வரமாட்டேன்.

பி.எட்., பேங்க் கோச்சிங், டி.என்.பி.எஸ்.சி. பத்தியெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, அதச் சொல்ல மார்த்தாண்டம் ஜங்ஷன்ல ஃபிளக்ஸ் போர்டே போதும். யாரும் சொல்லாத ஒண்ண பாப்போம்.

காலேஜ் லைப்ரேரியன்னா கவுண்டர்ல ஒக்காந்து சீல் குத்துறவங்கன்னு நெனைக்கோம். ஒரு புக்கு உள்ள வந்தா என்னெல்லாம் நடக்குன்னு மோளுகிட்ட கேளுங்க, அவ பாத்திருப்பா. பில்லோட சரி பாத்து அக்செஷன் ரெஜிஸ்டர்ங்கிற வரவுப் பதிவேட்டுல நம்பர் போடணும், டைட்டில் பேஜ்லயும் உள்ள யாருக்கும் தெரியாத ஒரு சீக்ரெட் பேஜ்லயும் முத்திரை குத்தணும், அந்த புக்கு எதப் பத்தினதுன்னு வாசிச்சுப் பாத்து, விஷயவாரியா புக்க பிரிக்குற டியூயி முறைப்படி நம்பர் போடணும், முதுகுல லேபிள், உள்ள பார்கோடு, அப்புறம் கோஹா, சோல் மாதிரி ஏதாவது ஒரு லைப்ரரி சாப்ட்வேர்ல என்ட்ரி. இதுல நம்பர் போடுறதுதான் மூளை வேலை. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் பைபிளுக்கு 220.594811ன்னு போகும், தப்பா போட்டா அந்த புக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான், யாரு கையிலயும் சிக்காது.

நம்ம பக்கத்துல பல காலேஜும் கிறிஸ்தவ சபைகள் நடத்துறதுதான், அங்க இதுல இன்னொரு சிக்கல் உண்டு. டியூயில மதத்துக்குன்னு ஒதுக்குன 200ல பெரும்பகுதிய, 220ல இருந்து 280கள் வரைக்கும், கிறிஸ்தவமே பிடிச்சுகிடும். மத்த மதமெல்லாம் 290க்குள்ள நெருக்கியடிச்சுக் கெடக்கும், இந்து சமயத்துக்கு 294.5ன்னு ஒரு மூலை. நம்ம காலேஜ்கள்ல எல்லா சமயத்துப் புள்ளைங்களும் படிக்குது, அய்யா வழி பத்தி புராஜெக்ட் பண்ற புள்ளயும் வரும், பள்ளிவாசல் கல்வெட்டு தேடுற புள்ளயும் வரும், அவங்களுக்கு அலமாரில எடம் வச்சுக் குடுக்க மனசும் வெவரமும் உள்ள ஆளு வேணும். நம்ம நாட்டு நூலகத்துறைக்கே தகப்பன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் படிச்சது மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்லதான், கணக்குல எம்.ஏ. புக்க பிரிக்க அவரு சொந்தமா உண்டாக்குன கோலன் முறையில வேத சமயம் Q1, இந்து சமயம் Q2, கிறிஸ்தவம் Q6. டியூயிக்கு நேர் எதிரா இருக்கேன்னு பாத்தா சிரிப்பு வரும், ஆனா யாரு எங்க நின்னு பாக்காங்கங்கிறதுதான் அதுல விஷயம்.

சொந்தக்காரங்க சிரிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அந்த ரங்கநாதன் கதையவே சொல்லுங்க அவங்ககிட்ட. 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரேரியன் வேலைக்கு அவரு போனதே சம்பளம் கூடங்கிறதாலதான். போன கொஞ்ச நாள்லயே சலிச்சுப் போய் பழைய வாத்தியார் வேலையே குடுங்கன்னு திரும்பி வந்து நின்னாரு, லண்டன் போய் படிச்சுட்டு வந்து அப்புறம் சொல்லுன்னு அனுப்புனாங்க, போயிட்டு வந்தவரு பெறவு கடைசி வரைக்கும் இந்தத் துறைய விடல. அவருக்கு லண்டன் போயிதான் பிடிச்சுது, ஒங்க மோளுக்கு இங்க இருக்கும்போதே பிடிச்சிருக்கு.

இன்னைக்கு இந்த வேலைல பாதி கம்ப்யூட்டர்லதான். காலேஜ்களுக்காக இன்ஃப்லிப்நெட்ங்கிற யுஜிசி மையம் நடத்துற என்-லிஸ்ட்ல இருந்து ஈ-ஜர்னல் எடுத்துக் குடுக்கணும், பி.எச்.டி. பண்றவங்களுக்கு சோத்கங்காங்கிற வெப்சைட்டுல பழைய ஆய்வேடு தேடக் கத்துக்குடுக்கணும், தீசிஸ்ல காப்பி அடிச்சிருக்கான்னு சாப்ட்வேர்ல போட்டுப் பாக்கணும், காலேஜுக்கு தரம் போடுற நாக் கமிட்டி வந்தா லைப்ரரிக்குன்னே தனியா மார்க் உண்டு, அந்த வாரம் முழுக்க பிரின்சிபால் லைப்ரேரியன் பின்னாலதான் சுத்துவாரு. இங்கிலீஷ் நல்லா வாசிக்கத் தெரிஞ்ச, எக்செல் கண்டா பயப்படாத புள்ளைக்கு இது நல்லா வரும்.

அப்புறம் நம்ம கன்னியாகுமரி ஜில்லா சமாச்சாரம். தென்மேற்கு மழையும் அடிக்கும், வடகிழக்கு மழையும் அடிக்கும், மத்த ஜில்லாவுல பெரும்பாலும் வருஷத்துல ஒரு பெரிய மழைக்குத்தான் புக்க காப்பாத்தணும், இங்க ரெண்டுக்கும் காப்பாத்தணும். ஜூலை மாசம் பழைய துணி பைண்டிங் புக்க ஒண்ணு எடுத்து மூந்து பாருங்க, பூஞ்சை வாடை குப்புன்னு அடிக்கும், அட்டை மேல வெள்ளையா பொடி படிஞ்சிருக்கும், ரெண்டு பேஜ் ஒட்டிக்கிட்டா வெறகு பிரிக்கற மாதிரி பிச்சா போச்சு, நெழல்ல காத்தாட வச்சு ஒணந்த பெறவு பைய்யத்தான் பிரிக்கணும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806ல வந்து எறங்குன நாடு, 1820கள்லயே நாகர்கோவில்ல மிஷன் அச்சுக்கூடம் ஓடியிருக்கு, ஸ்காட் கிறிஸ்டியன் காலேஜே 1893ல இருந்து இருக்கு. பழைய சபை ரிப்போர்ட்டு, பாட்டுப் புஸ்தகம், சுவனியர்னு தெக்குத் திருவிதாங்கூர் சரித்திரமே பழைய காலேஜ், சபை, வீட்டு அலமாரின்னு செதறிக் கெடக்கு. அதுல பாதிய ஸ்கேன் பண்ணி டி-ஸ்பேஸ் மாதிரி ஒரு டிஜிட்டல் லைப்ரரி சாப்ட்வேர்ல ஏத்த ஆளு இல்ல. தமிழும் மலையாளமும் ரெண்டும் வாசிக்குற புள்ள அந்த வேலைக்கு எவ்வளவு பெரிய சொத்துன்னு வெளியூர்க்காரங்களுக்குத்தான் தெரியும், நமக்கு ரெண்டும் வீட்டுப் பேச்சுங்கிறதால மதிப்பு தெரியல.

படிப்பு வழி எளிசு. எந்த டிகிரியா இருந்தாலும் போதும். சில எடத்துல பி.லிப்.ங்கிற லைப்ரரி சயின்ஸ் டிகிரி ஒரு வருஷம், அதுக்கு மேல எம்.லிப். ஒரு வருஷம்னு ரெண்டா வச்சிருக்காங்க, சில எடத்துல ரெண்டு வருஷமும் சேத்து ஒரே எம்.லிப். ஒங்களுக்குப் பக்கத்துல திருவனந்தபுரம் பாளையத்துல கேரளா யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட் இருக்கு, வீட்டுல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாம், ஹாஸ்டல் செலவே இல்ல. திருச்சில பிஷப் ஹீபர் காலேஜ்ல இருக்கு, கிறிஸ்டியன் காலேஜ் சூழ்நிலைலயே படிச்ச மாதிரி ஆச்சு. இக்னோல தபால்லயும் படிக்கலாம், ஆனா மொத தடவ படிக்கற புள்ளைக்கு நேர்ல போறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், கேட்டலாகிங் பிராக்டிகல் கைல வரணும். எது எடுத்தாலும் தோட்டத்துல ஒரு மரத்தக்கூட ஈடு வைக்க வேண்டியது வராது.

காலேஜ் லைப்ரேரியன் ஆகணும்னா எம்.லிப்.ல பொதுவா 55 சதவீதம் வேணும், அதுக்கு மேல நாடு முழுக்க நடக்குற நெட் தகுதிப் பரீட்சையோ, இல்லன்னா மாநிலம் நடத்துற செட்டோ பொதுவா பாஸ் பண்ணணும். நெட்டுல லைப்ரரி சயின்ஸ் தனி சப்ஜெக்டாவே உண்டு, நல்ல மார்க்கு வந்து ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சு பி.எச்.டி. சேந்தா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபா ஸ்டைபண்ட். பார்டர்ல இருக்கவங்க ஒண்ணு கவனிக்கணும், கேரளாவுல செட்டுன்னா அது ஹயர் செகண்டரி டீச்சருக்குள்ளது, காலேஜ் லைப்ரேரியனுக்கு ஒதவாது, தமிழ்நாடு செட் பாஸ் பண்ணுனா அது தமிழ்நாட்டுக்கு மட்டும். அதனால நெட்டே எழுதட்டும், மார்த்தாண்டத்துலயும் செல்லும் கோட்டயத்துலயும் செல்லும்.

சம்பளம். யுஜிசி கணக்குல காலேஜ் லைப்ரேரியனும் அசிஸ்டென்ட் புரபசரும் ஒரே லெவல் 10, அடிப்படைச் சம்பளமே 57,700ல தொடங்கும். நாத்தனார்கிட்ட இதச் சொல்லுங்க, சொல்லிட்டு இதயும் சேத்தே சொல்லுங்க: இது அரசு சம்பளம் குடுக்குற எய்டட் போஸ்ட்டுக்குத்தான். ஒரு காலேஜுக்கு பெரும்பாலும் ஒரே லைப்ரேரியன் போஸ்ட்தான் இருக்கும், அவரு ரிட்டயர் ஆனாத்தான் எடம், ஆனாலும் அரசு அனுமதி வர்றதுக்கு வருஷம் பிடிக்கும். சிஸ்டர்மார் நடத்துற சில காலேஜ்ல ஒரு சிஸ்டரே எம்.லிப். படிச்சு அந்த சீட்டுல இருப்பாங்க. செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம் போனா அந்தச் சம்பளத்துல பாதிகூட வராத எடங்கதான் அதிகம். அதனால வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துலதான் வேலை வேணும்னு அடம் பிடிச்சா நடக்காது. மதுரையோ திருச்சியோ கோட்டயமோ போகத் தயாரா இருக்கணும், இத மோளுகிட்ட இப்பவே பேசி வச்சுக்கோங்க.

பாஸ்டர்மாருக்கு இறையியல் படிச்சுக் குடுக்குற செமினாரிகளயும் மறக்காதீங்க. நாகர்கோவில்ல கன்கார்டியா, திருவனந்தபுரம் கண்ணம்மூலைல கேரளா யுனைட்டெட் செமினாரி, மதுரைல தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூர்ல யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ்னு வரிசையா இருக்கு. எபிரெயம், கிரேக்கம் அகராதி, பழைய கமென்டரி, கையெழுத்துப் பிரதின்னு அங்க சரக்கே வேற, ஆராய்ச்சி பண்றவங்களோட நேருக்கு நேர் ஒக்காந்து வேலை பாக்கலாம். சம்பளத்துல கல்யாண மண்டபம் பிடிக்க முடியாதுங்கிறது உண்மைதான், ஆனா மொத ரெண்டு மூணு வருஷ அனுபவத்துக்கு அத விட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்போ கசப்பா ஒண்ணு. எய்டட் போஸ்ட்டு காலியாச்சுன்னு கேள்விப்பட்ட ஒடனே "கமிட்டில ஆளு இருக்கு, இத்தன லட்சம் குடுத்தா முடிச்சுத் தாரேன்"னு ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. பாதி நேரம் சபைலயே தெரிஞ்ச மனுஷனாத்தான் இருப்பாரு. குடுக்கவே குடுக்காதீங்க. சபைகள நிர்வாகம் பண்ற டயசீஸ் எலக்‌ஷன் வந்தா கமிட்டி மாறும், குடுத்த பணத்துக்கு ரசீதும் கெடையாது, கேக்க ஆளும் கெடையாது. எனக்கு வேண்டியவங்க வீட்டுலயே ஒண்ணு இப்படிப் போயிருக்கு, அந்தப் பொண்ணு நெட் பாஸ் ஆனவளாக்கும், காசே குடுக்காம வேற ஊர்ல கெடைச்சிருக்க வேண்டிய வேலை. தோட்டத்த யூகேக்கு வைக்காதீங்கன்னு சொன்னது இதுக்கும் சேத்துத்தான்.

"கடைசில ஒண்ணும் கெடைக்கலன்னா?"ன்னு கேப்பீங்க. எம்.லிப். கைல இருந்தா பெரிய ஸ்கூல் லைப்ரரி, பப்ளிக் லைப்ரரி, ஆஸ்பத்திரி மெடிக்கல் லைப்ரரி, டிஜிட்டைசேஷன் புராஜெக்ட்னு வேற வாசல் இருக்கு. கடன் இல்லாத புள்ளைக்கு அதுல ஒண்ண எடுத்துட்டு நெட்டுக்கு இன்னொரு தடவ படிக்க நேரம் கெடைக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவ அந்தப் பரீட்சை உண்டு. கடன் தலைல இருந்தா கெடைச்ச வேலைய மூச்சு விடாம பாத்தாகணும்.

ஏஜென்சிக்கு அட்வான்ஸ் எதுவும் குடுக்கலன்னு சொன்னீங்க, நல்லது, இன்னும் ஒரு மாசம் குடுக்காம இருங்க. அதுக்குள்ள ஒரு வேலை நாளா பாத்து வீட்டுக்காரரயும் மோளயும் கூட்டிட்டு பாளையத்து கேரளா யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு நட போயிட்டு வாங்க. ஆபீஸ்ல அட்மிஷன் எப்போ, என்ட்ரன்ஸ் எப்படின்னு மோளு கேக்கட்டும். ஃபீஸ் எவ்வளவுன்னு மட்டும் வீட்டுக்காரர் அவரு வாயாலயே கேக்கணும், அத நீங்களோ நானோ சொன்னா அவரு நம்ப மாட்டாரு.