அட்வான்ஸ் வரல, வீட்டையும் காலி பண்ணல, இப்ப கன்டெம்ப்ட் நோட்டீஸ்

கேள்வி: வாடகை கேஸ்ல "ஓனர் அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்தா 6 மாசத்துல காலி பண்றேன்"னு ஹைகோர்ட்ல அஃபிடவிட் கொடுத்தேன். அவர் பணம் தரல, நானும் காலி பண்ணல. இப்ப அவமதிப்பு நோட்டீஸ் வந்திருக்கு. ஜெயில்ல போட்டுடுவாங்களா சார்?

பதில்: பயப்படாதீங்க, ஆனா நோட்டீஸை பீரோல வெச்சுட்டு சும்மா இருந்துடாதீங்க. முதல்ல உங்க அஃபிடவிட்டையும் கோர்ட் ஆர்டர் காப்பியையும் சேர்த்து வெச்சுப் படிங்க. "அட்வான்ஸ் கைக்கு வந்ததும் காலி பண்றேன்"னு ஒரே வாக்கியமா இருந்தா அது நிபந்தனைதான். ஆனா நிறைய அஃபிடவிட்ல ஒரு பாராவுல "இந்தத் தேதிக்குள்ள காலி பண்றேன்"னும் இன்னொரு பாராவுல "ஓனர் அட்வான்ஸ் தரணும்"னும் தனித்தனியா இருக்கும், அப்படி இருந்தா ரெண்டும் வேற வேற, பணம் வரலைன்னா அதுக்குத் தனியா வழி பார்த்துக்கோன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லுவாரு. இதைவிட வம்பு, ஆர்டர்ல நிபந்தனையை விட்டுட்டு "6 மாசத்துல காலி செய்ய உறுதி அளித்தார்"னு மட்டும் பதிவாகியிருந்தா. அதைத் திருத்தச் சொல்லி உடனே ஒரு மனு போடணும், ஏன் இவ்வளவு நாள் கேக்கலன்னு ஜட்ஜ் கேப்பாரு, அதுக்கும் பதில் ரெடியா வேணும்.

1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்துல, கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிய வேணும்னே மீறினாதான் சிவில் அவமதிப்பு. அதனால அட்வான்ஸ் கேட்டு நீங்க அனுப்பின லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பதில் அஃபிடவிட்ல சேருங்க, வாடகை கட்டின ரசீதும்தான். நடுவுல வாடகைய நிறுத்தியிருந்தீங்கன்னா கேஸோட நிறமே மாறிடும். கெடு முடியறதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போய் டைம் கேட்டிருந்தா பாதி தலைவலி இருந்திருக்காது, நிபந்தனை நிறைவேறலன்னு நாமளே முடிவு பண்ணிட்டு உக்காந்திருக்கறதுதான் கோர்ட்டுக்குப் பிடிக்காத விஷயம்.

தண்டனைன்னு பார்த்தா 6 மாசம் வரை சாதாரண சிறை (கடின வேலை இல்லாதது), இல்லன்னா 2000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். ஆனா உங்களை மாதிரி சிவில் அவமதிப்பு கேஸ்ல, அபராதம் மட்டும் பத்தாதுன்னு கோர்ட் நினைச்சாதான் சிறை, அதுவும் சாதாரண சிறைக்குப் பதிலா சிவில் சிறை (குற்றவாளிங்களோட சேர்க்காம தனியா வெக்கறது). உண்மையா மன்னிப்பு கேட்டா விட்டுடவும் செய்வாங்க, அந்த மன்னிப்புல நிபந்தனை இருக்குங்கற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது.

நான்னா வாய்தா அன்னைக்கே "ஓனர் பணத்தை கோர்ட்ல கட்டட்டும், அன்னைக்கே சாவியை ஒப்படைக்கறேன்"னு எழுத்துல கொடுத்துடுவேன்.